பெரிய எழுத்து இல்லாத சொல்

என் முகத்தை முதன்முதலாக வரைந்து முடிக்கப் பல வாரங்கள் ஆயின. அதன் கீழே போடவேண்டிய வரியை ஒரு வாய்க் காப்பிக்குள் எழுதிவிட்டேன். தகராறு வந்தது வரியில்தான்.

பென்சிலில் முகம் வரைபவர்களுக்கான இணையக் குழு ஒன்றில் இருக்கிறேன். செய்தித்தாள் வேலையிலிருந்து வெளியே வந்த பிறகு சேர்ந்தது. பல நாட்டுக்காரர்கள் இருக்கிறார்கள். யாரும் தங்கள் புகைப்படத்தைப் போடக் கூடாது என்பது அங்கே விதி. எல்லோருக்கும் புனைபெயர். புனைபெயருக்குக் கீழே, தம்மைப் பற்றி அவரவர் எழுதிக்கொள்ளும் ஒரு வரி. ஓய்வுபெற்ற தீயணைப்பு வீரர், மூன்று பூனைகளின் சேவகி, கடலோரம் வசிப்பவன் என்று ஆளுக்கொரு விதமாக இருக்கும். என் வரி நெடுநாள் காலியாகவே கிடந்தது. பிறர் எழுதியதைத் திருத்துவதுதான் என் தொழிலாக இருந்தது. கோயம்புத்தூரில் ஒரு தமிழ் நாளிதழின் பதிப்பில் துணை ஆசிரியர்.

ஆண்டுக்கு ஒரு முறை அந்தக் குழு தன்முகக் கண்காட்சி நடத்தும். அவரவர் முகத்தை அவரவரே வரைந்து அனுப்ப வேண்டும். உறுப்பினர்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுக்கும் சில படங்கள் ஒரு மாதம் குழுவின் முதல் பக்கத்தில் இருக்கும். போன ஆண்டு என் படம் தேர்வானது. முதல் பக்கம் என்றால் என்ன என்பதைப் பத்திரிகைக்காரர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. எத்தனையோ பேருடைய எழுத்தை நான் முதல் பக்கத்தில் ஏற்றியிருக்கிறேன். அங்கே என் பெயர் ஒருநாளும் வந்ததில்லை. துணை ஆசிரியர்களுக்குப் பெயர் போடும் வழக்கம் கிடையாது.

படத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். முதல் முயற்சியில் நான் என்னை வெளுப்பாக வரைந்திருந்தேன். வேண்டுமென்று செய்யவில்லை, கை அப்படிப் போயிற்று. கண்ணாடிக்கும் காகிதத்துக்கும் மாறி மாறிப் பார்த்தபோதுதான் தெரிந்தது. கிழித்துப் போட்டுவிட்டுப் புதிதாகத் தொடங்கினேன். இருப்பதிலேயே மென்மையான, அழுத்தமான பென்சிலை எடுத்து, அடுக்கடுக்காகப் பூசி, நெற்றியிலும் மூக்குத்தண்டிலும் வெளிச்சம் விழும் இடத்தில் மட்டும் காகிதத்தை விட்டுவைத்தேன். கண்ணாடியில் இருந்தவள் காகிதத்துக்கு வந்தாள்.

அதன் கீழே ஆங்கிலத்தில் மூன்று சொற்கள் எழுதினேன். பிளாக், தமிழ், கோயம்புத்தூர். தலைப்பு எழுதி எழுதிப் பழகிய கை, ஒவ்வொரு சொல்லின் முதலெழுத்தையும் பெரிய எழுத்தாக அடித்தது.

முதல் சொல்லை ஏன் முதலில் எழுதினேன் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை இதழில் மணமகன் தேவை, மணமகள் தேவை விளம்பரங்களைச் சரிபார்ப்பது என் வேலைகளில் ஒன்று. பக்கம் முழுக்கப் பெண்கள் இருப்பார்கள். கறுப்பானவள் ஒருத்திகூட இருக்கமாட்டாள். சிவந்த நிறம், நல்ல நிறம், தப்பினால் மாநிறம். சிங்காநல்லூர் பஸ் ஸ்டாண்டில் கால் மணி நேரம் நின்றால் கண்ணில் படும் நிறங்களுக்கும் அந்தப் பக்கத்துக்கும் சம்பந்தமே இருக்காது. மாநிறத்தில் வரும் ‘மா’ எது என்று ஒருநாள் எங்கள் மேசையில் சண்டை நடந்தது. மாந்தளிர் என்றார் ஒருவர். அரிசி மாவு என்றார் இன்னொருவர்.

“ராகி மாவா இருக்குமுங்” என்றேன் நான்.

எல்லோரும் சிரித்தார்கள். பிறகு என்னைப் பார்த்தார்கள், சிரிப்பை நிறுத்திக்கொண்டார்கள். அவர்கள் சிரித்ததில் எனக்கு ஒன்றுமில்லை. நிறுத்தியதுதான் உறைத்தது.

அடுத்த சில மாதங்களில் எனக்கே மாப்பிள்ளை தேடினார்கள். அப்பா, என் பத்திரிகையிலேயே விளம்பரம் கொடுத்தார். விளம்பரப் பிரிவில் இருந்தவர் என்மேல் இருந்த மரியாதையில் அவராகவே மாநிறம் என்று சேர்த்துவிட்டார். அச்சுப்படி என் மேசைக்கே வந்தது. அந்தச் சொல்லை அடித்து, ஓரத்தில் கறுப்பு என்று எழுதி அனுப்பினேன். மனிதர் மாடியேறி ஓடி வந்தார்.

“ஏனுங் மேடம், சித்த ரோசனை பண்ணுங். காசு குடுத்துப் போடற விளம்பரம்ங்.”

“காசு குடுத்துப் பொய் சொல்லணுங்களா?”

“எல்லாரும் அப்படித்தானுங் போடறாங்க.”

“தெரியுமுங். நாந்தானே படிக்கிறேன்.”

விளம்பரம் அப்படியே வந்தது. தொலைபேசி அதிகம் அடிக்கவில்லை. போத்தனூரிலிருந்து ஒருவர் நேரிலேயே வந்தார். சிங்காநல்லூரில் மோட்டார் காயில் கட்டும் பட்டறை வைத்திருந்தார், விரல் இடுக்கில் வார்னிஷ் கறை. காப்பி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு முதலில் கேட்டது இதுதான்.

“அது அச்சுப்பிழைங்களா, இல்லை நெசமாலுமே அப்படித்தான் போட்டீங்களா?”

“எங்க பேப்பர்ல அச்சுப்பிழை வராதுங்.”

“அப்ப மத்ததும் நெசமாத்தான் இருக்குமுங்” என்றார். அவர்தான் என் கணவர்.

ஆக, அந்தச் சொல்லை நான் யாரிடமிருந்தும் இரவல் வாங்கவில்லை. அது அச்சில் ஏறுவதற்காக ஒரு மாடிப்படிச் சண்டை போட்டிருக்கிறேன். குழுவின் முதல் பக்கத்தில் என் முகம் போகிறது என்றால் கூடவே அந்தச் சொல்லும் போக வேண்டும் என்று நினைத்தேன்.

எழுத்தைப் பற்றியும் இங்கேயே சொல்லிவிடுகிறேன், பின்னால் தேவைப்படும். நிறத்தைச் சொல்லும்போது வல்லின ‘ற’ போட்டுக் கறுப்பு என்று எழுத வேண்டும் என்பது எங்கள் பத்திரிகையின் விதி. செய்தியாளர்கள் இடையின ‘ர’ போட்டே அனுப்புவார்கள். நான் திருத்திக்கொண்டே இருப்பேன். காதுக்கு இரண்டும் ஒன்றுதான். ஆனாலும் விதி விதிதான். அதற்கு ஒரே விலக்கு, பெயர். ஒருவர் தன் பெயரை எப்படி எழுதுகிறாரோ அப்படியே போட வேண்டும். தப்பாகத் தெரிந்தாலும் கை வைக்கக் கூடாது.

படம் முதல் பக்கத்துக்குப் போகவேண்டியது ஒரு திங்கட்கிழமை. அதற்கு முந்தைய சனிக்கிழமை காலை குழுவைத் திறந்தபோது என் படத்துக்குக் கீழே ஒரு கேள்வி இருந்தது. கேட்டவர் அமெரிக்காவின் தென்பகுதியில் பள்ளி ஆசிரியை. கறுப்பினப் பெண்மணி. குழுவில் எனக்கு மூத்தவர். சுருள்முடி வரைவதில் அவரை மிஞ்ச ஆளில்லை, என் முடியைச் சரியாகப் போட முடிந்ததே அவர் எழுதிய குறிப்புகளைப் படித்துத்தான். அவர் எழுதியிருந்ததன் சாரம் இது: ‘உங்கள் குடும்பத்தில் ஆப்பிரிக்க வழிவந்தவர்கள் உண்டா? இல்லையென்றால் முதல் சொல் உங்களுடையது அல்ல. எங்களைப்போல வேடம் போட்டு எங்களுக்காகப் பேசியவர்கள் இந்தக் குழுவிலேயே இருந்திருக்கிறார்கள். உண்மை தெரிந்தபோது நாங்கள் அவர்களிடம் எல்லாவற்றையும் சொல்லிவிட்டிருந்தோம். அதனால் கேட்கிறேன்.’

திரும்பவும் படித்தேன். மொழியில் குறையில்லை. கேட்டதிலும் குறையில்லை. ஆனால் விசைப்பலகைமேல் என் கை இருந்தது. அது கறுப்பாகத்தான் இருந்தது.

அவர் ஒரு கேள்வியாகக் கேட்டதை மற்றவர்கள் தீர்ப்பாக எடுத்துக்கொண்டார்கள். அடுத்த மாதம் தன்னை எஸ்கிமோ என்று சொல்வாளா என்று ஒருவர் எழுதினார். அதற்குச் சிரிக்கும் முகங்கள் வரிசையாக விழுந்தன. லண்டனில் வாழும் ஓர் இந்திய வம்சாவளிக்காரர், ‘நாமெல்லாம் பிரவுன். உலகம் நம்மை அப்படித்தான் அறியும். எங்கள் மானத்தை வாங்காதீர்கள்’ என்றார். நான் அவரை அதுவரை அறிந்ததில்லை. அந்த ‘நாமெல்லாம்’ எப்போது அமைந்தது என்றும் தெரியவில்லை.

மாலைக்குள் குழுவின் பொறுப்பாளரிடமிருந்து தனிச்செய்தி வந்தது. ஐரோப்பாக்காரர், சுமுகமான மனிதர். தெற்காசியர் அல்லது பிரவுன் என்று வரியை மாற்றித் தரும்படி கேட்டிருந்தார். ஞாயிறு முடிவதற்குள் மாற்றாவிட்டால் என் இடத்துக்கு அடுத்த படம் போகும்.

மறுநாள் காலை அம்மா சமையலறையில் மொச்சை உரித்துக்கொண்டிருந்தார். தாராபுரம் பக்கம் அடுத்தவர் தோட்டம் காடுகளில் கூலிக்கு வேலை செய்தவர், இப்போது எங்களோடு இருக்கிறார்.

“என்ன கண்ணு, மொகம் சுருங்கிக் கெடக்குது?”

“அமெரிக்காவுல ஒரு டீச்சரு, நான் கறுப்பு இல்லைங்கறாங்கம்மா.”

அம்மா என்னைத் தலை முதல் கால் வரை பார்த்தார். “அவங்க கண்ணாடி கிண்ணாடி போடறவங்களா?”

என் கணவர் அப்போதுதான் சர்ச்சுக்குப் போய்விட்டு வந்து சட்டையின் மேல் பொத்தானைக் கழற்றிக்கொண்டிருந்தார். சங்கதியைச் சொன்னேன்.

“பிரவுன்னு போட்டுட்டு வேலையப் பாரு அம்மணி. மோட்டாரு அதே மோட்டாருதான். மேல ஒட்டற ஸ்டிக்கருதான வேற.”

“பிரவுனுக்குத் தமிழ்ல என்னங்க?”

“பழுப்பு.”

அம்மா மொச்சைக்காயைக் கீழே போட்டார். “பழுப்பா? காஞ்ச வாழச் சருகுதானுங் மாப்ள பழுப்பு. பரண்ல கெடக்கற பழைய பேப்பரு பழுப்பு. நல்லாருக்கற பொம்பளைய எவனாச்சும் பழுப்புங்குவானா?”

“அப்ப மாநெறம்னு போட்டுறலாமுங்களா அத்தை?” என்று கேட்டுவிட்டு அவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

“அன்னைக்கு அதைப் போட்டிருந்தா நீங்க வந்திருக்கவே மாட்டீங்க.”

“வந்திருப்பேன். வந்து பாத்துப்போட்டு, ஏமாத்திட்டாங்கன்னு பஞ்சாயத்து வெச்சிருப்பேன்.”

அம்மா சிரிக்கவில்லை. உரித்த மொச்சையைக் கிண்ணத்தில் கையால் அளைந்துகொண்டே பேசினார். அம்மாவின் பெயரிலேயே அந்தச் சொல் இருக்கிறது. எங்கள் காவல் தெய்வம் கருப்பராயன். அவர் பெயரை ஒட்டி வைத்த பெயர். இந்தக் கட்டுரையில் யார் பெயரையும் எழுதுவதில்லை என்று வைத்திருக்கிறேன். ஆனால் முன்பாதி எது என்பது இந்நேரம் தெரிந்திருக்கும்.

“நான் வேலைக்குப் போன காட்டுல, அந்தக் காட்டுக்காரம்மா என்னைய முழுப்பேரு சொல்லிக் கூப்புட்டதே இல்ல கண்ணு. முன்னால இருக்கற பாதியத்தான் கூப்புடும். அதும் ‘ஏ’ போட்டு. ‘ஏ கருப்பு, அக்கட்ட போ. ஏ கருப்பு, இதைத் தூக்கு.’ கோயலுக்குப் போனா அதே வாயி அதே பேரச் சொல்லிக் கன்னத்துல போட்டுக்கும்.”

அம்மா அடுத்த காயை எடுத்துக்கொண்டார்.

நான் மடிக்கணினியோடு முன்னறைக்குப் போய் அந்த ஆசிரியைக்குத் தனியாக எழுதினேன். எங்கள் மொழியில் அந்தச் சொல் தோலின் நிறம், அதற்குமேல் நான் எதையும் உரிமை கொண்டாடவில்லை, வேடம் போடவில்லை என்று எழுதினேன். மணமகன் தேவை விளம்பரத்தைப் பற்றியும் எழுதினேன். பதில் உடனே வரும் என்று நினைக்கவில்லை. மொச்சைக் குழம்பு கொதிக்கும் முன்பே வந்துவிட்டது.

‘விளம்பரக் கதை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் நீங்கள் அந்தச் சொல்லைப் பெரிய எழுத்தில் தொடங்கியிருக்கிறீர்கள். சின்ன எழுத்தில் இருந்திருந்தால் நிறத்தைச் சொல்கிறீர்கள் என்று கடந்து போயிருப்பேன். பெரிய எழுத்தில் அது நிறம் அல்ல. எந்த ஊரிலிருந்து கொண்டுவரப்பட்டோம் என்று தெரியாதவர்களுக்கு அதுதான் ஊர்ப்பெயர். அந்த ஓர் எழுத்தைப் பெரிதாக்கச் சொல்லி எங்கள் ஆட்கள் செய்தித்தாள்களோடு நெடுங்காலம் மல்லுக்கட்டினார்கள். உங்களுக்கென்று ஒரு சொல் இருக்கிறதே, அதை ஏன் எழுதவில்லை?’

தமிழில் பெரிய எழுத்து கிடையாது. எங்கள் அச்சில் அமைச்சரும் அவரைக்காயும் ஒரே உயரம். அதனால் ஓர் எழுத்தின் உயரத்தில் இவ்வளவு இருக்கும் என்று எனக்குத் தோன்றவில்லை. தலைப்புப் பழக்கத்தில் அடித்துவிட்டேன். ஆனால் ஓர் எழுத்துக்காகப் பத்திரிகையோடு மல்லுக்கட்டுவது என்னவென்று தெரியும். நான் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்து, மல்லுக்கட்டுபவர்களைத் திருப்பி அனுப்பியவள். இந்தப் பக்கம் நின்றவர்கள் ஜெயித்துக் காட்டியிருக்கிறார்கள் என்று படித்தபோது, சம்பந்தமில்லாத எனக்கே கொஞ்சம் பெருமையாக இருந்தது.

அந்த ஆங்கிலச் சொல்லை எடுத்துவிட்டேன். அது அவர்களுடையது, அவர்களிடமே இருக்கட்டும். அதன் இடத்தில் பிரவுனைப் போட மனம் வரவில்லை. தெற்காசியர் என்பது வானிலை அறிக்கை மாதிரி இருந்தது. தமிழ் விசைப்பலகைக்கு மாற்றினேன்.

கறுப்பு என்று அடித்தேன். வல்லின ‘ற’. அத்தனை ஆண்டுப் பழக்கம், விரல் தானாகப் போய்விட்டது. அதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். பத்திரிகை விதிப்படி சரியான எழுத்து. ஆனால் அம்மாவின் வாக்காளர் அட்டையில் இடையின ‘ர’ இருக்கிறது. எங்கள் ஊர்க் கோயில் வளைவில் பெயிண்ட் உரிந்த எழுத்திலும் அதே ‘ர’தான். பெயரில் கை வைக்கக் கூடாது. அழித்துவிட்டு, கருப்பு, தமிழ், கோயம்புத்தூர் என்று மூன்றையும் தமிழ் எழுத்திலேயே அடித்து அனுப்பினேன்.

பொறுப்பாளர் உடனே எழுதினார். அழகாக இருக்கிறது, ஆனால் இதை யாராலும் படிக்க முடியாதே என்று கவலைப்பட்டார். ஆங்கில எழுத்திலாவது தரக் கூடாதா?

நான் பதில் எழுதும் முன், என் படத்துக்குக் கீழே எல்லோரும் பார்க்கும்படி அந்த ஆசிரியை எழுதிவிட்டார். ‘படிக்கத் தெரியாதவர்கள் கேட்டுத் தெரிந்துகொள்ளலாம். முதல் ஆளாக நான் கேட்கிறேன். முதல் சொல்லை எப்படிச் சொல்வது?’

இது எதற்கு வேண்டாத வேலை என்று லண்டன்காரர் எழுதினார். அது அவர் கருத்து. பொறுப்பாளர் சரி என்றார். வரி அப்படியே நின்றது.

திரையைப் படம் பிடித்துப் பழைய அலுவலக நண்பர்களின் வாட்ஸப் குழுவுக்கு அனுப்பினேன். ராகி மாவுக்குச் சிரித்துவிட்டு நிறுத்திய மேசையிலிருந்து ஒருவர் முதலில் பதில் போட்டார். “படம் பிரமாதம்ங். ஆனா றகரம் எங்கீங் மேடம்? வேலைய உட்டதும் விதியையும் உட்டாச்சுங்களா?”

“நிறமா இருந்தாத்தானுங் றகரம். இது பேருங்.”

பதிலுக்கு ஒரு கும்பிடு வந்தது.

சாப்பாட்டுக்குப் பிறகு அம்மாவிடம் திரையைக் காட்டினேன். அம்மாவுக்கு எழுத்துக் கூட்டிப் படிக்க வரும். முதலில் படத்தைத்தான் பார்த்தார். “மூக்கு அப்படியே என்ற மூக்குதான்” என்றார். பிறகு விரலை வைத்து வரியைப் படித்தார்.

“என்ற பேரையா போட்டிருக்கே?”

“ஆமாம்மா.”

“பாதிதான போட்டிருக்கே. காட்டுக்காரம்மா மாதிரி.”

கணவர் பத்திரிகையை மடித்து வைத்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“நான் என்னையச் சொல்றதுக்காகப் போட்டதும்மா.”

“நீ ஆரு மவ? முழுசாப் போடு கண்ணு. பேருன்னு சொல்லிட்டு, பாதிய உட்டுப்போட்டா எப்புடி?”

என் விதியை வைத்தே என்னைப் பிடித்துவிட்டார். வரியைத் திறந்து, கருப்பு என்ற சொல்லுக்குப் பின்னால் அம்மாவின் முழுப்பெயரைப் போட்டு, மகள் என்று சேர்த்தேன். தமிழ், கோயம்புத்தூர் இரண்டும் அப்படியே இருந்தன. எனக்கு அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து தலைப்பெழுத்தாக இருக்கிறது. பள்ளிச் சான்றிதழிலிருந்து ரேஷன் கார்டு வரை அதுதான். அம்மாவின் பெயர் என் பெயரோடு சேர்ந்து எங்கேயும் இருந்ததில்லை. அன்றைக்குத்தான் முதல்முறை, அதுவும் முதல் பக்கத்தில்.

உச்சரிப்பைக் கேட்ட ஆசிரியைக்கு எழுதி விளக்கினால் பயனில்லை. அவர் கேட்ட சொல் அம்மாவின் பெயருக்குள்ளேயே இருக்கிறது. அம்மாவின் வாய்க்கு அருகே கைப்பேசியை நீட்டினேன்.

“உங்க பேரச் சொல்லுங்கம்மா.”

அம்மா சொன்னார். அக்கரைக் காட்டில் நிற்கும் ஆளுக்குக் கேட்கவேண்டும் என்பதுபோல. கணவர் காதைப் பொத்திக்கொண்டார். அப்படியே அனுப்பிவிட்டேன்.

திங்கட்கிழமை காலை என் முகம் முதல் பக்கத்தில் இருந்தது. கீழே என் வரி, முழுதாக. அதைத் திறந்து வைத்துக் காப்பி குடித்துக்கொண்டிருந்தபோது ஆசிரியையின் குரல்பதிவு வந்தது. அம்மாவைக் கூப்பிட்டு உட்காரவைத்து ஒலியைக் கூட்டினேன். அந்தப் பெண்மணி ஒருமுறை சொல்லிப் பார்த்தார், இடையில் தடுக்கியது. சிரித்தார். மறுபடி முதலிலிருந்து தொடங்கி, ஒவ்வோர் அசையாக, கடைசி எழுத்துவரை சொல்லி முடித்தார். அம்மா தலையைச் சாய்த்துக் கேட்டார். திரும்பப் போடச் சொல்லிக் கேட்டார்.

“பேரக் கொன்னுபோட்டாங்க” என்றார். பிறகு காப்பி டம்ளரை எடுத்துக்கொண்டு எழுந்தார். “ஆனா பாரு, ‘ஏ’ போடலை.”